உறுதி செய்யப்படாத ஒரு மரணச் செய்தி

பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டேன். உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்துவிட்டதாக நான் சொன்னது ஒரே ஒரு முறைதான். அந்த ஒருவர் என் அப்பா.

எங்கள் செய்திப் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒருவர் காலமானார் என்று தகவல் வந்தால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. புதிதாகச் சேரும் நிருபர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. (வீட்டில் மட்டும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.)

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. விமானத்தில் ஏறியதில்லை. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பத்திரிகையாளர்களுக்கான பரிமாற்றத் திட்டத்தை அறிவித்திருந்தது. டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் அவர்களுடையது. கனடாவின் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்து பத்து நாள் என் வீட்டில் தங்கி, நான் வேலை செய்வதைப் பார்ப்பார். பிறகு நான் அங்கே போய் ஒரு மாதம் அவர் வீட்டில் தங்குவேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. விருந்தினருக்குத் தனி அறையும் அதனுடன் சேர்ந்த குளியலறையும் உண்டா?

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். இரண்டு அறை. குளியலறை வெளியே, நான்கு குடித்தனத்துக்கும் பொது. காலை ஆறு மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்கவேண்டும். 'உண்டு' என்று எழுதினேன். இன்னொரு கேள்வி, தந்தையின் தொழில். 'போக்குவரத்துத் துறை' என்று எழுதினேன். அப்பா கோவிந்தசாமி மாநகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதியது பொய் இல்லை. ஒரு செய்தியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்தவன் எழுதியது.

தேர்வாகிவிட்டேன். இனி வீடு வேண்டும்.

என் மனைவி வித்யாவின் அக்காவும் அவள் கணவர் பாஸ்கரும் ஆறு மாதத்துக்குச் சிங்கப்பூர் போயிருந்தார்கள். அடையாறில் அவர்களுடைய ஃபிளாட் பூட்டிக் கிடந்தது. மூன்று படுக்கையறை, மூன்றிலும் குளியலறை. சகலையிடம் சாவி கேட்டேன், பெருந்தன்மையாகக் கொடுத்தார். அப்பா மட்டும் வர மறுத்துவிட்டார்.

"நீயும் வாப்பா. பத்து நாள்தான்."

"அந்த ஆளு போட்டோவுக்குக் கீழ நான் படுக்கணுமா? நீ போ நைனா. எனக்கு இங்கயே நல்லாத்தான் கீது."

அந்த ஆளு என்றால் பாஸ்கரின் அப்பா, வங்கி மேனேஜராக இருந்தவர். தி.நகர் மண்டபத்தில் என் கல்யாணம் நடந்தபோது, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் அப்பாவை மண்டப ஊழியர் என்று நினைத்து, "ஏம்ப்பா, அந்த ஃபேனைப் போடு" என்றவர். அப்பா போய் ஃபேனைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் பெயரை அப்பா உச்சரித்ததே இல்லை.

"அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

"செத்தா இன்னா? இன்னும் மொறச்சிக்கினுதான கீறாரு?"

அதுவும் உண்மைதான். அடையாறு வீட்டு ஹாலில், நுழைந்தவுடன் எதிர்ச் சுவரில், சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்புமாக மேனேஜரின் படம் மாட்டியிருந்தது. கீழே தோற்றம், மறைவு என்று தமிழிலும் வருடங்கள் எண்களிலும் இருந்தன. பாஸ்கர் வீட்டுப் படத்தைக் கழற்றும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஹெலன் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாரம் ஒரு முறை வரும் பத்திரிகையின் ஆசிரியர். கையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. பெட்டியை வைத்துவிட்டு நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். "உங்கள் தந்தையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்றால், யார் என்று கேட்பார். சகலையின் தந்தை என்றால், அவர் படம் ஏன் உங்கள் ஹாலில் என்று கேட்பார். நானும் நிருபர், அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டாவது கேள்வியில் வீடு போய்விடும், மூன்றாவதில் கனடா போய்விடும். "ஆமாம்" என்றேன்.

ஹெலன் தலை குனிந்து அரை நிமிடம் நின்றார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, படத்துக்குக் கீழே இருந்த எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். காபியோடு வந்த வித்யா கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போனதும் கேட்டாள்:

"ஏங்க, மாமா அங்க உயிரோட உக்காந்து சாப்ட்டுட்டு இருக்காரு. உங்களுக்கு வாய் எப்படிங்க வந்துச்சு?"

"பத்து நாள்தான்."

"பத்து நாள் கழிச்சு எழுந்து வருவாரா?"

அவர் ஆறாவது நாளே வந்துவிட்டார்.

மறுநாள் காலை விசா மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். பாஸ்போர்ட்டை மயிலாப்பூர் பீரோவில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பாவுக்கு ஃபோன் செய்து, பக்கத்துக் குடித்தனத்துச் செல்வத்திடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். சரி என்றார். மதியம் மணி அடித்தது. நான் எழுவதற்குள் ஹெலன் கதவைத் திறந்துவிட்டார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் மஞ்சள் பை. "செல்வம் இன்னாத்துக்கு? அவ்ளோ முக்கியமான பொருள யார்னா குடுத்தனுப்புவாங்களாடா?" என்றபடி அப்பா உள்ளே வந்தார். பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்போர்ட்டும், வித்யாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் கீரை வடையும் இருந்தன.

ஹெலன் என்னைப் பார்த்துக் கேட்டார். "இவர்?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. "அப்பாவின் அண்ணன்" என்றேன் ஆங்கிலத்தில்.

கோயிலுக்கு வழி கேட்ட எத்தனையோ வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியவர் அப்பா. அந்த இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். ஹெலன் அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, உங்கள் தம்பியின் மறைவுக்கு வருந்துகிறேன் என்றார். அப்பா திரும்பிப் படத்தைப் பார்த்தார். மேனேஜர் முறைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அன்றே மயிலாப்பூருக்கு மூட்டை கட்டியிருப்பேன்.

"வெரி குட் மேன்" என்றார் அப்பா. சற்று யோசித்து, "லிட்டில் ஆங்ரி" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு சோபாவில் உட்கார்ந்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

"அந்தம்மா கேக்கறாங்க இல்ல? என் தம்பியப் பத்தி நான் சொல்றேன். நீ இங்கிலீஷ்ல சொல்லு."

"அப்பா…"

"பெரிப்பான்னு கூப்புடு. தம்பி கண்டக்டரு. சொல்லு."

சொன்னேன். ஹெலன் எழுதிக்கொண்டார்.

"நின்னு நின்னு கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. ஒரு நாளு லீவு போட்டதில்ல. சொல்லு."

சொன்னேன்.

"பையன் காலேஜ் சேரணும்னு ரெண்டு வருசம் டபுள் டூட்டி பாத்தான். காலைல போனா, பையன் தூங்கனப்புறம்தான் வருவான். சொல்லு."

சொன்னேன்.

"பையன் பேரு மொத மொத பேப்பர்ல வந்துச்சு பாரு, அந்தப் பக்கத்த மடிச்சு டிக்கெட் பையில வெச்சிக்கினு மூணு நாள் சுத்துனான். ஏறுனவங்களுக்கெல்லாம் காட்டுனான். ஒரு ஆளு எறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கே தாண்டிப் போய்ட்டாரு. சொல்லுடா."

இது எனக்குத் தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதில்லை. முதல் முறையாகக் கேட்டதை, கேட்ட உடனே வேறொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி முடித்த ஹெலன் நிமிர்ந்து கேட்டார்: இதையெல்லாம் உங்கள் தந்தை உங்களிடம் சொன்னதுண்டா?

"இல்லை" என்றேன். அந்தப் பத்து நாளில் நான் அவருக்குச் சொன்ன பதில்களில் இது ஒன்றுதான் முழு உண்மை.

அப்பா கிளம்பினார். வித்யா, "சாப்ட்டுட்டுப் போங்க மாமா" என்றாள். "இன்னொரு நாளைக்கும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பாஸ்போர்ட்டு பத்திரம். கடைசிப் பக்கத்துல அப்பா பேருன்னு ஒண்ணு போட்ருக்கான். விசா ஆபீஸ்ல கேட்டா அதயாவது கரெக்ட்டா சொல்லு."

விசா கிடைத்தது. கனடா போனேன். ஏரிக்கரையில் சின்ன ஊர், அக்டோபர் மாதம், காது விறைக்கும் குளிர். முதல் இரண்டு வாரம் நகரசபைக் கூட்டங்களுக்கும் பூசணிக்காய்ப் போட்டிக்கும் செய்தி சேகரிக்கப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை, ஒரு சின்ன நிகழ்ச்சி என்று சொல்லி ஹெலன் என்னை அந்த ஊர் நூலகத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். கோட்டும் தொப்பியுமாக இருபது பேர் நின்றிருந்தார்கள். தோண்டிய குழி, பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேப்பிள் கன்று. ஒரு கட்டையில் பொருத்திய செப்புத் தகடு. அதில் அப்பாவின் பெயர், விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல். பெயருக்குக் கீழே தோற்ற, மறைவு வருடங்கள். அவை மேனேஜருடையவை.

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். ஆனால் இருபது பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஒரு கிழவர் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். மண் தள்ளினேன். உங்கள் தந்தையைப் பற்றி நாலு வார்த்தை என்றார்கள். அப்பா சொல்லிக்கொடுத்ததைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. நின்று நின்று நரம்பு சுருட்டிய காலில் ஆரம்பித்து, டிக்கெட் பையில் மடித்து வைத்த பத்திரிகைப் பக்கம்வரை சொன்னேன். அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று, அழுகை வந்துவிட்டது. தகப்பனை இழந்தவன் அழுகிறான் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நான், மண்வெட்டி, கன்று, தகடு.

ஊர் திரும்பியதும் அப்பா கேட்டது, "போட்டோ எங்க?" என்றுதான். ஏரி, நகரசபை, பூசணிக்காய் எல்லாம் காட்டினேன். பத்திரிகையை மட்டும் பெட்டியிலேயே வைத்திருந்தேன். வித்யா அதை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

சொன்னேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகட்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு வருடங்களைப் பார்த்தார்.

"இது யாரோட வருசம்?"

"மேனேஜரோடது."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சந்தில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"செத்துட்டேன்னு சொன்ன, சரி. ஃபாரின் போவணும், சொன்ன. அந்த ஆளு மூஞ்சிய எனக்குக் குடுத்தியே, அதாண்டா… அன்னிக்கு ஃபேன் போட்டேன். இன்னிக்கு என் பேரயும் எடுத்து அந்த ஆளுக்குப் போட்டுட்டியே."



அன்றே ஹெலனுக்கு எழுதினேன். வீடு, படம், அண்ணன், எல்லாவற்றையும். அறக்கட்டளைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். (இப்போதெல்லாம் அவர்கள் விண்ணப்பத்தோடு வீட்டின் புகைப்படமும் கேட்கிறார்களாம். அதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.) மூன்று வாரம் கழித்து ஹெலனிடமிருந்து பதில் வந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு. 'திருத்தம்: சென்னையைச் சேர்ந்த திரு. கோவிந்தசாமி காலமானதாக வெளியிட்டிருந்தோம். அவர் நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.' அதோடு அவர் கைப்பட நாலு வரி. 'நானும் இரண்டு பேரிடம் உறுதி செய்துகொண்டுதான் வெளியிட்டேன். இரண்டாவது ஆள் இறந்துபோனவரே என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். தகட்டை என்ன செய்யட்டும்? உங்கள் தந்தையிடம் கேட்டு எழுதவும். இம்முறை அவரிடமே கேட்கவும்.'

கேட்டேன். அப்பா காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"கயட்ட வேணாம். இருக்கட்டும். என்னிக்கி இருந்தாலும் வோணும் இல்ல? வருசத்த மட்டும் அழிக்கச் சொல்லு. அது அந்த ஆளோடது."

ஹெலன் அப்படியே செய்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் மரத்தின் படம் ஒன்று அனுப்புகிறார். இப்போது அது நூலகத்தின் ஜன்னலைத் தாண்டிவிட்டது. இலை முழுக்கச் சிவந்திருக்கும் ஒரு படத்தை அப்பாவே லஸ் முனைக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, மயிலாப்பூர் வீட்டு ஹாலில், நுழைந்தவுடன் எதிரே தெரியும்படி மாட்டியிருக்கிறார். எழுபத்தெட்டு வயதில் அவரே ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. சாமி படமும் இல்லை, ஆள் படமும் இல்லை. இது என்ன மரம் என்று. நான் உடனே தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவேன். அப்பாவின் குரல் சமையலறைவரை கேட்கும்.

"அதுவா? நான்தான். பையன் ஃபாரின் போனப்ப என்னிய அங்க நட்டுட்டு வந்தான்."