டாக்டரம்மாவின் துண்டு

ஒரு காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. கூரையில் ஆலங்கன்று முளைத்துவிட்டதால், காடு எங்கே முடிகிறது, ஆஸ்பத்திரி எங்கே ஆரம்பிக்கிறது என்று நோயாளிகளுக்கே குழப்பம். டாக்டர் ஒரு பெண் கரடி.

ஒருநாள் மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் நடை, உட்காருதல், தூக்கம் மூன்றையும் விசாரித்து எழுத வேண்டும்.

முதல் டோக்கன் சடையன் என்ற எருமைக் கடா. முழங்கால் வீக்கம். குட்டை வற்றுவதற்குள் மேட்டைத் தாண்டி ஆற்றுக்குப் போயாக வேண்டும்; இந்தக் காலோடு முடியாது.

"தினம் எவ்வளவு நடப்பீங்க?"

"சேத்துலேர்ந்து புல்லுக்கு. புல்லுலேர்ந்து சேத்துக்கு."

"எத்தனை மணி நேரம் உக்காருவீங்க?"

"உக்கார்றதே இல்லம்மா. படுத்துடுவேன்."

படிவத்தில் படுப்பதற்குக் கட்டம் இல்லை. கரடி தலையைச் சொறிந்துகொண்டது.

"தினம் ஒரு மணி நேரம் நடங்க. கால் சரியாயிடும்."

"நீங்க எப்போலேர்ந்து உக்காந்திருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டது சடையன்.

"காலைல எட்டுலேர்ந்து."

"தூக்கம்?"

"தூங்கிட்டா இந்தப் படிவத்தை யாரு எழுதறது?"

"அப்போ டோக்கன் நீங்கதான் எடுக்கணும். எந்திரிங்க, சேர்ந்தே நடப்போம்."

"நாற்காலி காலியா இருந்தா மெமோ வரும்."

சடையன் நாற்காலியின் முதுகைப் பார்த்தது. "துண்டுதான் கிடக்கே. துண்டு இருந்தா ஆள் இருக்குன்னுதானே எல்லா ஆபீஸ்லயும் கணக்கு?"

அன்று முதல் கரடி நடந்துகொண்டே வைத்தியம் பார்த்தது. டோக்கன் வரிசையும் பின்னாலேயே போனது. மயிலின் இருமல், உடும்பின் வாயு எல்லாம் போகிற வழியிலேயே விசாரித்தாயிற்று. ஒரே மாதத்தில் சடையனின் வீக்கம் வடிந்தது. கரடி ராத்திரியில் குறட்டை விட்டது.

மேற்பார்வைக்குக் கழுதைப்புலி வந்தது. நாற்காலியில் துண்டு. 'டாக்டர் இருக்கையை விட்டு நகர்வதே இல்லை, மிக நன்று' என்று எழுதிக்கொண்டது. திரும்பும் வழியில், ஆற்றுக்குப் போக மேட்டில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்த சடையனைப் பார்த்து அசந்துபோய், அங்கேயே நடைப்பயிற்சி ஆலோசகராக நியமித்தது. தனி அறை, சுழல் நாற்காலி, மூன்று கட்டுப் படிவம். நேரம் ஒன்பதிலிருந்து ஆறு.

சடையன் பெருமையாக உட்கார்ந்தது. இரண்டே வாரத்தில் முழங்கால் பழையபடி வீங்கியது. குட்டையில் குளம்பு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர்.

நொண்டிக்கொண்டு கரடியிடம் வந்து நின்றது.

"மாத்திரை எழுதட்டுமா?" என்றது கரடி.

"மாத்திரை வேணாம்மா. உங்ககிட்ட இன்னொரு துண்டு இருக்கா?"

இருந்தது. பத்து நாள் நடந்து, பதினோராம் நாள் சடையன் மேட்டைத் தாண்டியது. இப்போது ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறது. பதிவேட்டின்படி இன்னும் சுழல் நாற்காலியில்தான் இருக்கிறது. சிறந்த ஊழியர் பட்டமும் கிடைத்திருக்கிறது.

நீதி: உடம்பு நிலைக்க நடக்க வேண்டும், உத்தியோகம் நிலைக்க உட்கார வேண்டும். இரண்டும் நிலைக்க நல்ல துண்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.