பாகூர் கடைத்தெருவுல ஒரு பிரஷர் பேண்டேஜ்

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. பாகூர் மெடிக்கல் கடைக்குப் போய் ஒரு பிரஷர் பேண்டேஜ் வாங்கிட்டு வரணும்.

அவ்ளோதான். அதுக்கு மேல ஒன்னுமே இல்ல.

எதுக்குன்னு சொல்லிடறேன். எங்களுக்கு மூணு ஏக்கர் கரும்பு. போன வருஷம் வெட்டுல ஒரு ஆளுக்குக் கத்தி வழுக்கி, முழங்காலுக்குக் கீழ நல்லா எறங்கிடுச்சு. நான்தான் ஓடிப்போய் துண்டெடுத்து சுத்தினேன். மாப்பிள்ளைக்குத் தலப்பா கட்டற மாதிரி சுத்தினேன். பாக்க ரொம்ப லட்சணமா இருந்துச்சு. ரத்தம் மட்டும் நிக்கல!

ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள அந்த மனுஷன் வெளுத்தே போயிட்டாரு. தையல் போட்டு எப்பிடியோ தேத்திட்டாங்க. அங்க இருந்த நர்ஸம்மா என்னைத் தனியா கூப்புட்டு, "துணிய எத்தினி சுத்து சுத்தினாலும் பிரயோஜனம் இல்லம்மா. அழுத்திக் கட்டணும். பிரஷர் பேண்டேஜ்னு விக்குது, ஒன்னு வாங்கி வூட்டுல வைங்க"ன்னாங்க.

சரின்னேன். ஒரு வருஷம் ஓடிடுச்சு.

இந்த வருஷம் சக்கர மில்லுல இருந்து வெட்டு ஆர்டர் வந்து, ஆளுங்க வர்ற நாளும் வந்துடுச்சு. எங்க வூட்டுக்காரரு டிராக்டர எடுத்துக்கினு அவங்கள இட்டாரப் போனாரு. நான் ஸ்கூட்டிய எடுத்துக்கினு பாகூர் போனேன்.

மெடிக்கல் கடை ஜமால் பாயோடது. மணி பன்னண்டே முக்கால். பாய் தொழுகைக்குக் கெளம்புற அவசரத்துல இருந்தாரு.

"பாய், ஒரு பிரஷர் பேண்டேஜ் குடுங்க."

அவரு காதுல மொதல் பாதிதான் விழுந்திருக்கு. "பிரஷரா? சீட்டு இருக்குதா?"

"சீட்டு இன்னாத்துக்கு பாய்? எங்க வெட்டு ஆளுங்களுக்குதான்."

"எத்தினி பேரு?"

"பதினாலு பேரு."

பாய் நிமிந்து என்னைப் பாத்தாரு. "பதினாலு பேருக்கும் பிரஷரா? இன்னாதாம்மா சோறு போடற நீ?"

"ஐயோ, மாத்திர இல்ல பாய்! பேண்டேஜ்! வெட்டிக்கினா அழுத்திக் கட்டறது!"

"அதச் சொல்லு!"ன்னு டப்பா டப்பாவா எடுத்து மேசை மேல அடுக்கினாரு. ஆறு சென்டி, எட்டு சென்டி, பத்து சென்டி, பதினஞ்சு சென்டி. எல்லாமே தோல் கலர்ல சுருட்டி வச்சது.

"இதுல எது நல்லது?"

"எந்த எடத்துல வெட்டிக்கப் போறாங்க?"

"அத இப்பவே எப்பிடி பாய் சொல்றது?"

பாய் கடிகாரத்தப் பாத்தாரு. "இது கிரேப் பேண்டேஜ்மா. சுளுக்கிக்கினா கட்டறது. ரத்தத்துக்குன்னா வேற ஒன்னு இருக்குது. பனித்திட்டு மீன்பிடி போட்டுக்காரரு ஒருத்தரு ரெண்டு சொல்லி வச்சு, ஒன்னுதான் எடுத்துனு போனாரு"ன்னு மேல் தட்டுல இருந்து ஒரு பாக்கெட்ட எறக்கினாரு.

காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்த, அப்பளம் மாதிரி அமுங்கின பாக்கெட்டு. உள்ள ஒரு தடிமனான பேடு, அதோடவே சேத்துத் தச்ச எலாஸ்டிக் துணி, கடைசில ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு. "பேடை காயத்து மேல வச்சு, இழுத்து சுத்தி, கிளிப்ப மாட்டிட்டா முடிஞ்சுது"ன்னாரு பாய்.

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிச்சா உன்னுது."

வாங்கிட்டேன். கூடவே ஒரு பாட்டில் பெட்டடைன், பஞ்சு, பிளாஸ்திரி. பாய் தொப்பிய மாட்டிக்கினு ஷட்டரப் பாதி எறக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

இப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்? வண்டிய எடுத்துக்கினு வூட்டுக்குப் போயிருக்கணும். அறிவிருக்கறவங்க அதத்தான் செய்வாங்க.

ஆனா செருப்பா இருந்தாலும் சரி, வளையலா இருந்தாலும் சரி, நான் போட்டுப் பாக்காம வூட்டுக்குக் கொண்டு போனதே இல்ல. கடை வாசல்ல பெஞ்சு காலியா இருந்துச்சு. நெழலும் இருந்துச்சு. உக்காந்து பிரிச்சேன்.

பாக்கெட்டுல நாலு படம் போட்டிருந்தான். படத்துல ஒரு கை மட்டும்தான். மூஞ்சி இல்ல. கட்டினப்பறம் அந்த ஆளு சிரிச்சானா அழுதானான்னு தெரிஞ்சுக்க வழியில்ல.

எடது கையில பேடை வச்சேன். இழுத்தேன். சுத்தினேன். போன வருஷம் ரத்தம் நிக்காம போச்சேன்னு ஒரு வேகம். இன்னும் இழுத்தேன். முழங்கை வரைக்கும் வந்து, பின்பக்கமா கிளிப்ப மாட்டினேன்.

'டக்'குன்னு ஒரு சத்தம்.

அந்த 'டக்' கேட்டப்ப எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா!

சரி, கழட்டலாம்னு பாத்தா, கிளிப்பு முழங்கைக்குப் பின்னாடி கீது. வலது கை வெரலு அது வரைக்கும் போவுது, ஆனா பிடி கெடைக்கல. இழுத்தா இன்னும் இறுகுது. பல்லால கடிச்சு இழுக்கலாம்னு பாத்தேன். நம்ம முழங்கைய நாமளே கடிக்க முடியாதுன்னு நாப்பத்திரெண்டு வயசுல அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கினேன்.

பெட்டடைன் பாட்டில் மூடியால நெம்பிப் பாக்கலாம்னு, பாட்டில தொடையில இடுக்கி மூடியத் திருகினேன். பாட்டிலு பிதுங்கி எகிறி, பாதி மருந்து கட்டு மேல கொட்டிடுச்சு. மீதி பாதி புடவையில.

பெட்டடைன் கலரு உங்களுக்கே தெரியும்.

வெரலு அஞ்சும் மெதுவா நவ்வாப்பழ கலருக்கு வந்துனு இருந்துச்சு. சில்லுனு வேற ஆயிடுச்சு. பாய் வர அரை மணி நேரமாவது ஆவும். எதிர்ல டீக்கடை. வெக்கத்த வுட்டுட்டுப் போனேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் அவுத்து வுடுங்களேன்."

டீக்கடைக்காரரு என் கையைப் பாத்தாரு. புடவையப் பாத்தாரு. "தாயே! எனக்கு ரத்தம் பாத்தா ஆவாது!"ன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. நான்தான் அவருக்கு ஒத்தக் கையால சோடா எடுத்துக் குடுத்தேன்.

அந்த நேரம் பாத்துதான் விஜி வந்தா. விஜி எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி. பாகூர்லயே கட்டிக் குடுத்தது. காய்கறிப் பையோட வந்தவ, என்னைப் பாத்ததும் பையக் கீழ போட்டா.

"அண்ணீ...!"

பஸ் ஸ்டாப்புல இருந்தவங்க பூரா திரும்பினாங்க.

"ஒன்னும் இல்ல விஜி. இந்தக் கிளிப்ப மட்டும் அவுத்து வுடு."

"அவுக்கவா? அவுத்தா பீச்சி அடிக்குமே அண்ணி! கட்டின கட்ட டாக்டருதான் அவுக்கணும்!"

"காயமே இல்லடி! நானா கட்டிக்கினது!"

விஜி டீக்கடைக்காரரப் பாத்து கண்ணு கலங்கினா. "பாவம், அதிர்ச்சியில ஒளறுது."

அவரு சோடாவக் குடிச்சுக்கினே, "ரத்தம் ரொம்பப் போனா அப்பிடித்தான்"ன்னாரு.

சொன்னேன், கத்தினேன், கெஞ்சினேன். நான் எவ்ளோ கத்தறேனோ, அவ்ளோ ரத்தம் போயிருக்குன்னு முடிவு பண்ணாங்க. ஆட்டோ வந்துடுச்சு. என்னை உள்ள தள்ளி விஜி ஏறிக்கினா. ஆட்டோக்காரரு பட்டப்பகல்ல ஹெட்லைட்டப் போட்டுக்கினாரு. விஜி ஒரு கையால வெள்ளக் கர்சீப்ப வெளிய ஆட்டிக்கினு, இன்னொரு கையால போன் போட்டா.

"அண்ணா! அண்ணிக்குக் கை... ஆஸ்பத்திரிக்கு வாண்ணா!"

அவ்ளோதான் சொன்னா. கட் பண்ணிட்டா. கைக்கு இன்னான்னு சொன்னாளா, பாவி!

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நல்ல கூட்டம். விஜி போட்ட சத்தத்துல எல்லாரும் வழி வுட்டாங்க. மொத நம்பர்ல இருந்தவரு கால் கட்ட வெரலு நசுங்கி வந்தவரு. "என்னுது கெடக்குதும்மா, மொதல்ல நீ போ"ன்னு எழுந்து எடம் குடுத்தாரு. எனக்கு பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

உள்ள போனா, அதே நர்ஸம்மா!

வெரலப் பாத்தாங்க. கத்திரிக்கோல எடுத்து சர்ருனு மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெட்டினாங்க. ஒரு வருஷமா யோசிச்சு வாங்கின சாமான், ரெண்டே செகண்டுல குப்பை.

கதவோரம் ஏழெட்டுத் தல எட்டிப் பாக்குது. நர்ஸம்மா பஞ்சால கையத் தொடச்சாங்க. மேல பாத்தாங்க. திருப்பிக் கீழ பாத்தாங்க.

"காயம் எங்க?"

"இல்லீங்க."

"இதக் கட்டினது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாம்னு..."

கதவோரத்துல யாரோ 'களுக்'குன்னாங்க. நர்ஸம்மா என் மூஞ்சிய உத்துப் பாத்தாங்க. "உங்கள எங்கியோ பாத்திருக்கேனே?"

"போன வருஷம் நீங்கதாங்க பிரஷர் பேண்டேஜ் வாங்கி வைக்கச் சொன்னீங்க."

"ஆமாம்மா. வாங்கி வைக்கத்தான சொன்னேன்?"

கால் வெரலு நசுங்கினவரு கதவண்ட இருந்து கேட்டாரு. "அப்ப என் நம்பரு இன்னா ஆச்சு?"

அவர உடனே உள்ள கூப்புட்டாங்க. நான் கையத் தேச்சு வுட்டுக்கினே வெளிய வந்தேன். விஜி சுவரப் பாத்து நின்னுக்கினு, முந்தானைய வாயில அடச்சுக்கினு குலுங்கறா. அழுவறாளோன்னு தோளத் தொட்டேன். சிரிக்கறா, பாவி!

அப்பதான் கேட்டுல 'தடதட'ன்னு சத்தம். டிராக்டரு!

எங்க வூட்டுக்காரரு ஆளுங்கள எறக்கி வுடறதுக்குள்ள போன் வந்திருக்கு. அப்பிடியே திருப்பிட்டாரு. பின்னாடி டிரெய்லர்ல பதினாலு பேரு. சட்டி, பானை, கோரப்பாய், மூட்டை, அடுப்பு எல்லாத்தோடவும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து எறங்கறாங்க. ஏழுமலை மேஸ்திரி, அதான் அந்த ஆளுங்களுக்கெல்லாம் தலைவரு, மொத ஆளாக் குதிச்சு சட்டைக் கைய மடிச்சாரு.

"யாருக்கு ரத்தம் வேணும்? ஏழு பேரு ரெடி. மீதி ஏழு பேரு இன்னும் சாப்பிடல!"

எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கால் செருப்போட ஓடியாறாரு. என் எடது கையப் புடிச்சாரு. இருக்குது. வெரல எண்ணினாரு. அஞ்சும் இருக்குது. திருப்பித் திருப்பிப் பாக்கறாரு.

"எங்கடி?"

"இல்லீங்க."

"எது இல்ல?"

"காயம்."

முழுசாச் சொன்னேன். பாய், பெஞ்சு, 'டக்' எல்லாம். அவரு திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. படிக்கட்டுல உக்காந்துட்டாரு. துண்டால மூஞ்சியத் தொடச்சாரு. திரும்பவும் தொடச்சாரு. இருபது வருஷத்துல அவரு கண்ணு அப்பிடி செவந்து நான் பாத்ததில்ல. வழியெல்லாம் இன்னா இன்னா நெனச்சிருப்பாரோ. அந்த எடத்துலதான் எனக்கு நெஜமாவே வலிச்சுது.

"மன்னிச்சுக்குங்க"ன்னேன்.

மூக்க உறிஞ்சிக்கினு சொன்னாரு. "பரவால்ல. நல்லவேளை கழுத்துக் கட்டு ஏதும் வாங்கல நீ."

இதுக்குள்ள நர்ஸம்மா வெளிய வந்தாங்க. சட்டி பானையோட நிக்கற கூட்டத்தப் பாத்து, "இவங்க யாரு?"ன்னாங்க. விஷயத்தச் சொன்னோம். "கரும்பு வெட்டற ஆளுங்களா? வந்ததுதான் வந்தீங்க, கொஞ்சம் நில்லுங்க"ன்னு, வெட்டிப் போட்ட என் பேண்டேஜையே எடுத்துக்கினு வந்து, மரத்தடியில பாடம் நடத்திட்டாங்க!

"மொதல்ல கையால காயத்து மேல அழுத்துங்க. அழுத்தினத எடுக்காம பேடை வைங்க. அப்பறம் சுத்துங்க. கட்டி முடிச்சதும் வெரல் நுனியப் பாக்கணும். நீலமாவோ, சில்லுனோ, மரத்தோ போச்சுன்னா கட்டு ரொம்ப இறுக்கம். லேசாத் தளத்தணும். எப்பிடிக் கட்டக் கூடாதுன்னு இந்தம்மாவக் கேளுங்க, நல்லாச் சொல்லுவாங்க."

பதினாலு பேரும் என்னைப் பாத்தாங்க. நான் மரத்தப் பாத்தேன்.

ஏழுமலை மேஸ்திரி மட்டும் மூணு தடவ கட்டிக் காட்டி, மூணு தடவையும் "சரி"ன்னு வாங்கிட்டாரு.

பாயிகிட்ட சொல்லி ரெண்டு புது பேண்டேஜ் வரவழைச்சோம். கொண்டாந்த பாய் என்கிட்ட குடுக்கல. நேரா எங்க வூட்டுக்காரரு கையில குடுத்தாரு.

வெட்டு ஆரம்பிச்சு மூணாவது நாள், காலையில வரப்புல சத்தம். ஒரு பொண்ணுக்கு கரும்புச் சோகை உரிக்கறப்ப கத்தி உள்ளங்கையில பட்டுடுச்சு. நல்ல வெட்டு. நான் மருந்துப் பெட்டியத் தூக்கிக்கினு உயிர் போற மாதிரி ஓடினேன். மேஸ்திரி பாதி வழியிலயே பெட்டிய வாங்கினாரு. அழுத்தினாரு, பேடை வச்சாரு, சுத்தினாரு, வெரலப் பாத்தாரு. ஒரு நிமிஷம்தான். ரத்தம் நின்னுடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா, "யாரு கட்டினது? சுத்தமா இருக்குது"ன்னு நர்ஸம்மா கேட்டாங்களாம். தையல் போட்டு சாயந்திரமே திரும்பிட்டா.

எனக்கும் ஏதாவது உதவணும்னு ஆசை இருக்காதா? அன்னைக்கு மேஸ்திரி கட்டறப்ப, கிட்டப் போய், "அந்த கிளிப்ப நான் மாட்டட்டுமா?"ன்னு கேட்டேன்.

மேஸ்திரி தலையக்கூடத் தூக்கல.

"யக்கா, நீ போய் டீ போடு."