மூணு கல்லுதான் எடுத்தேன்

பெரிய காரியத்தைச் சின்னச் சின்னதாகச் செய்தால் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சேர்க்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பான், சரி. எடுக்கிறவனும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே எடுப்பான்? அதை ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை?

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை லாரியில் ஏற்றுவது என் வேலை. தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். கல் வீடு கட்ட ஆசை. மொத்தமாகக் கல் இறக்க வசதி இல்லை. அதனால் கூலி வாங்கும்போதெல்லாம் சூளைக்குப் போய், மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் அடங்குகிற அளவு செங்கல் வாங்கி வருவேன்.

"இன்னா மாமா, வூடு கட்டுறியா, அடுப்பு கட்டுறியா?" என்பான் சூளைக்காரன். நான் பதில் சொல்ல மாட்டேன். (வாய் பேசினால் கல் சேருமா?)

என் மனை கோயில் திடலை ஒட்டி இருந்தது. வாங்கின கல்லை அங்கே, ரோட்டுப் பக்கம் நின்றே அடுக்குவேன். கல் அடுக்கின் முன்பக்கம் ரோட்டைப் பார்க்கும். பின்பக்கம் மாரியம்மன் திடலைப் பார்க்கும். வேலைக்குப் போகும்போது ரோட்டிலிருந்தே பார்ப்பேன். ஆள் உயரம் நின்றது. நெஞ்சு நிமிரும். பின்பக்கம் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதம் அந்தத் திடலில் ஊரே பொங்கல் வைக்கும். வீட்டுக்கு ஒரு பானை, பானைக்கு மூன்று கல். அந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு ஆடியிலும் யோசித்ததில்லை. ஒரு தடவை ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்ல கல்லு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே பொங்கல் தின்றேன். (அவளும் ஆமாம் என்றாள்.)

கடைசியில் கடைக்கால் போட்டு, வாசல் நிலை வைக்க நாள் குறித்தோம். நிலையைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அண்ணன். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்களுக்கு ஓட்டல் நடத்துகிறவர். என்னை ஆளாகவே மதிக்க மாட்டார்.

"தேக்கு, மாப்ள. இன்னிக்கு சொவுரு ஏறலன்னா திரும்ப வண்டியில ஏத்திக்கினு போயிடுவேன்," என்றார், எல்லாச் சொந்தக்காரர் முன்னாலும்.

"அதோ பாருங்க மச்சான், கல்லு," என்றேன்.

மேஸ்திரி மேல் வரிசையில் கை வைத்தார். அடுக்கு ஆடியது. முன்வரிசை அப்படியே அவர் காலடியில் சரிந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் தரை. அதில் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது என்னை முறைத்தது.

"வூடு கட்டி முடிச்சிட்ட போல மாப்ள," என்றார் மச்சான். "கோழி குடியே வந்துடுச்சி. ஏய், நிலைய வண்டியில ஏத்துங்கடா!"

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினேன்.

"என் கல்ல எவன்டா எடுத்தது?"

விருந்துக்கு வந்திருந்த ஊர் மொத்தமும் தரையைப் பார்த்தது. எதிர் வீட்டு அலமேலுதான் வாய் திறந்தாள்.

"நான் மூணு கல்லுதான்ணா எடுத்தேன். அதுவும் சாமிக்கு."

"நானும் மூணுதான்," என்றான் டீக்கடைக்காரன். "ஜாஸ்தி எடுக்க மாட்டேன்." அதில் ஒரு பெருமை வேறு.

"எடுத்தீங்க, சரி. திருப்பி வைக்க இன்னா கேடு?"

"கரி புடிச்ச கல்ல எப்டிணா உன் அடுக்குல வைக்கறது? நல்லா இருக்குமா?" என்றாள் அலமேலு. மரியாதையாம்!

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையைத் திருகினாள்.

"மொதல்ல எடுத்தது நாந்தாங்க. நம்ம கல்லுதானேன்னு. அதப் பாத்துட்டுதான் இவங்களும்…"

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சானின் ஆட்கள் நிலையைத் தூக்கிவிட்டார்கள்.

"கரியோ சாம்பலோ, எல்லாக் கல்லும் இப்பவே வரணும்!"

வந்தன. அண்டாவுக்கு முட்டுக் கொடுத்த கல், குளிக்கிற இடத்தில் போட்ட கல், கட்டில் காலுக்கு வைத்த கல். வீட்டுக்கு மூன்று, தலையில், சாமி ஊர்வலம் மாதிரி. எல்லாம் ஒரு பக்கம் கறுப்பு. அப்படியும் போதவில்லை. விருந்துச் சமையல் அடுப்பைப் பார்த்தேன். அதுவும் என் கல்.

"அண்ணே, சாம்பாரு கொதிக்குது!" என்று சமையல்காரர் குறுக்கே நின்றார்.

"எறக்கு."

நல்ல நேரம் முடிவதற்குள் நிலை நின்றது. இரண்டு பக்கமும் முழங்கால் அளவு சுவர் ஏறியது. மச்சான் வாய் திறக்கவில்லை. சாப்பிடும்போதுதான் திறந்தார்.

"பருப்பு வேவல மாப்ள."

"நிலை நின்னுடுச்சில்ல. துன்னுங்க," என்றேன்.

வீடு அப்புறம் மெதுவாக முடிந்தது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் வாசல் சுவரில் கரி ஊறி வெளியே வருகிறது. மச்சான் வரும்போதெல்லாம் அதில் கை வைத்து, "அடுப்பு ஆறிடுச்சா மாப்ள?" என்கிறார். என் பிள்ளைகள் என் தட்டிலிருந்து வடையை எடுத்தால்கூட, "மூணுதான் எடுத்தேன், சாமிக்கு" என்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது சுற்றுச்சுவருக்குக் கல் சேர்க்கிறேன். மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வேறு வழி? ஆனால் திடல் பக்கம் இல்லை, என் கட்டிலுக்கு அடியில். போன ஆடிப் பொங்கலுக்கு மறுநாள் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் சரியாக இருந்தது. தரையில் படுத்து, தலையை உள்ளே விட்டுப் பின்பக்கமும் பார்த்தேன். படுத்தபடியே மனைவியைக் கூப்பிட்டேன்.

"எவ்ளோ எடுத்த?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க," என்றாள்.