பிரபு வைத்த சுழி

ஒரு மாநிலத் தலைநகரின் பெரிய ஓட்டலுக்கு நீச்சல் குளம் எவ்வளவு அவசியமோ, சரித்திரமும் அவ்வளவு அவசியம். மும்பைக் கடலோரத்தில் நூறாண்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கிராண்ட் அன்டோனியாவுக்கு அது தாராளமாகவே இருந்தது. நடுவில், எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஒரு மோகம் வந்தது. சரித்திரத்தை மூட்டை கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டார்கள். அது தாராவிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மோகம் திரும்பியது. விருந்தாளிகள் பழசு எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிர்வாகம் ஆழ்ந்து பரிசீலித்து, அதே தாராவிக்கு ஆள் அனுப்பிப் புதிதாகப் பழசு செய்யச் சொன்னது.

செய்தவர் பூலோகம். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், பிழைப்பு தாராவியில் தோல் பட்டறை. புதுத் தோலைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தார் என்றால் ஒரே வாரத்தில் அதற்கு நூறு வயதாகிவிடும். ஓட்டலுக்கு ஒரு பயணப் பெட்டி செய்து கொடுத்தார். எந்தப் பெட்டியானாலும் முதல் தையலுக்கு முன் மூடியின் உட்புறம் காய்ச்சிய கம்பியால் பிள்ளையார் சுழி போடுவது அவர் வழக்கம். அதற்கும் போட்டார்.

பெட்டியை வாங்கிய அதிகாரி வேலை மாறிப் போனார். பெட்டி சரித்திரமாகிவிட்டது. அடுத்து வந்த பாரம்பரியப் பிரிவு மேலாளர் நிகில், மும்பை மாதுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுவார், படிக்க வராது. மூடியைத் திறந்தவர், அந்தச் சுழி லார்ட் ஹாரிங்வுட் என்ற பிரபுவின் அந்தரங்க முத்திரை என்று கண்டறிந்தார். அப்படி ஒரு பிரபு அங்கே தங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை. பெட்டி இருக்கும்போது பிரபு எப்படி இல்லாமல் போவார்? முத்திரை துவாலையில் ஏறியது, காப்பி நுரையில் மிதந்தது, பாந்த்ரா யுவதிகளின் கழுத்தில் பச்சை குத்தப்பட்டது. ஓட்டல் அதைத் தன் வணிகச் சின்னமாக முறைப்படி பதிவும் செய்துகொண்டது.

பிறகுதான் அதே முத்திரை தாராவிக் கடைப் பெட்டிகளிலும் இருப்பது நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. பூலோகத்தின் தீபாவளிச் சரக்கு மொத்தமும் பறிமுதலானது. அது திரும்பி வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

விசாரணை, பதிவு அதிகாரி விசாலாக்ஷி முன்னிலையில் நடந்தது. அம்மாளும் தமிழ்தான், செம்பூர். பூலோகத்துக்கு உயிர் வந்தது.

"அது பிள்ளையார் சுழிம்மா. அந்தப் பொட்டியச் செஞ்சதே நாந்தான்."

"அப்போ லார்டே ஃபேக்குங்கறேளா?" என்றார் நிகில்.

"அந்த லார்ட எனக்குத் தெரியாது தம்பி. பொட்டியத் தெரியும்."

விசாலாக்ஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் புரிவதற்கு விதியில் இடமில்லை. "யார் முதல்ல போட்டாங்கறது கேள்வி இல்லை. யார் முதல்ல பதிவு பண்ணினாங்கறதுதான்."

"பிள்ளையாரு பதிவு பண்ணலயாம்மா?"

"அவர்கிட்டேர்ந்து அப்ளிகேஷன் எதுவும் வரலை."

சொல்லிவிட்டு, உத்தரவு எழுதத் தாளை எடுத்தார். எடுத்த கை, தாளின் தலையில் தானாகச் சுழித்தது. நிகில் ஜன்னலைப் பார்த்தார். பூலோகம் தாளைப் பார்த்தார்.

"அம்மா, இப்ப நீங்க போட்டது?"

விசாலாக்ஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"அஃபிஷியல் யூஸ்," என்றார் விசாலாக்ஷி. "அதுக்கு விலக்கு உண்டு." அதன் கீழேயே, மேற்படி குறியை இனி யாரும் போடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சரக்கை அழித்துவிட ஓட்டலுக்கு மனம் வரவில்லை. 'பிரபுவின் ஏனைய பெட்டிகள்' என்று பலகை மாட்டிக் கண்ணாடிக்குள் அடுக்கிவிட்டார்கள். பார்க்க நல்ல கூட்டமாம். பூலோகம் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சுனாபட்டியில் வேறொருவரிடம் கூலிக்குத் தைக்கிறார். சுழி போடாமல் ஊசி எடுக்க முதலில் கை கூசியது, இப்போது பழகிவிட்டது என்கிறார். கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தாளின் தலையில் என் கையும் சுழி போட்டுவிட்டது. அடித்துவிட்டேன். நான் அஃபிஷியல் இல்லை.