நான் கூலி பேசிய லட்சணம்

எனக்குத் தைரியம் உண்டு என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் என் பெரியப்பா. அதுவும் ஒரு காலை நேரம் வரைக்கும்தான்.

எழுபதுகளின் தொடக்கம். பூதலூர் பக்கம் எங்கள் ஊரில் குறுவை அறுவடை. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டித் தராமல் வயலில் இறங்க மாட்டோம் என்று ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வானம் வேறு மூட்டமாக இருந்தது. பெரியப்பா போனால் கைகலப்பில் முடியும் என்று என்னை அனுப்பினார்கள். என் தகுதி, பி.ஏ. பொருளாதாரம் (மூன்றாம் வகுப்பு, அதை யாரும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை). கறாராகப் பேசு, ஒரு படிகூடக் கூட்டாதே என்று உத்தரவு.

சலவை வேட்டியோடு போய் நின்றேன். நாற்பது பேர், நாற்பது அரிவாள். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது என் கண்ணில் படவேயில்லை. பேச வாயைத் திறந்தேன். நெஞ்சு தவில் மாதிரி அடித்தது. விரல்கள் மரத்தன. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. இருபத்திரண்டு வயதிலேயே மாரடைப்பு என்று முடிவு கட்டி, வரப்பில் சரிந்தேன்.

அவர்கள் பக்கம் பேச வந்தவர் அஞ்சலை, சங்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். அதுவரை முறைப்பாகச் ‘சின்னய்யா’ என்றவர், ஓடி வந்து என் இரண்டு காலையும் பிடித்து வாய்க்கால் தண்ணீரில் வைத்தார்.

“ஒண்ணும் ஆகாது தம்பி. அடுப்பு ஊதுற மாதிரி மூச்ச மெதுவா வெளிய விடுங்க. வேகமா ஊதினா சாம்பல் கண்ணுல அடிக்கும்.”

ஊதினேன். பிறகு, எதிரே தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கொக்கு, மதகு, பனைமரம், வெற்றிலை மெல்லும் ஒருவர் என்று வரிசையாகச் சொன்னேன். அந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கியது. கணுக்காலைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓட, அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் அஞ்சலை கேட்டார்.

“அரை மரக்கால்தாங்க தம்பி. இப்பக் குடுக்கறது புள்ளைங்களுக்குப் பத்தல.”

இதில் கறாராகப் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்றேன். நான் எழுந்து வேட்டியைப் பிழிவதற்குள் ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள்.

பெரியப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் நெல் வீடு சேர்ந்திருந்தது. கறாராகப் பேசிய பக்கத்து ஊர் மிராசுதாரின் நெல் வயலிலேயே முளைத்தது. அதற்காகப் பெரியப்பா என்னைப் பாராட்டிவிடவில்லை. திட்டுவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷக் கூலிப் பேச்சுக்கு அஞ்சலை ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாராம்: “அந்தத் தம்பியையே அனுப்புங்க.”

இன்றும் எங்கள் வீட்டில் மனை வாங்கவோ சம்பந்தம் பேசவோ ஆள் கிளம்பினால், என் மனைவி முதலில் என் செருப்பை எடுத்து ஒளித்து வைக்கிறாள்.