முறிகண்டியில் நிற்காமல் போன கார்

சிவமயம்

கிளிநொச்சி,
14-7-1963.

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகன் யோகலிங்கம் அவர்களுக்கு மாமனார் தில்லைநாதன் எழுதிக்கொள்வது. முறிகண்டிப் பிள்ளையாரின் கிருபையால் (இந்தக் கிருபையைப் பற்றிக் கீழே விபரமாக எழுதியிருக்கிறேன்) நான், உங்கள் மாமி, மகள் விமலேஸ்வரி, பேத்தி கமலாசனி எல்லோரும் தேக சுகத்துடன் இருக்கிறோம். நீங்களும் உங்கள் தாய் தகப்பனாரும் அப்படியே இருக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் சுகமாக இருந்தால் போதும்.

நேற்றுக் காலை அடித்த தந்தியில் ‘கார் பழுது, எல்லோரும் சுகம்’ என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில் இருந்து புறப்பட்ட ஒரு கார், தெற்கே இருக்கிற உங்கள் பூவரசங்குளத்துக்கு வராமல், கிழக்கே முல்லைத்தீவுக் கடலைப் பார்த்துவிட்டு, வடக்கே பரந்தனால் சுற்றி, கடைசியில் ஒரு லொறியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டுப் புறப்பட்ட வீட்டுப் படலைக்கே வந்து சேர்ந்தது என்பதைத் தந்தியில் எழுதிக் கொடுத்தால் தபால் கந்தோரில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நீங்கள் ஆலாத்தித் தட்டோடு இனசனத்தை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு இருட்டும் வரை தெருவைப் பார்த்திருப்பீர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதற் பேறு தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத் தாயையும் பிள்ளையையும் தகப்பன் வீட்டுக்கு அனுப்புவதும் வழக்கம்தான். அதை நான் மறக்கவில்லை, தம்பி. ஆனால் சித்திரையில் வெயில் கடுமை. வைகாசியில் வவுனியாப் பக்கம் அம்மை என்று ஒரு கதை அடிபட்டது. ஆனி பிறந்ததும் காருக்கு ரயர் சரியில்லை. இப்படியே பிள்ளைக்கு நாலு மாதமாகிவிட்டது. ஆடி பிறந்தால் பிறகு ஒரு மாதத்துக்கு அனுப்ப முடியாது. அதற்கு முன் வருகிற கடைசி வெள்ளியில் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று நீங்கள் எழுதிய பிறகு நான் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் மனைவி. நான் யார் மறுக்க?

இனிக் காரைப் பற்றி. உங்கள் மகளுக்கு ஏணையில் நித்திரை வராது, தோளில் வராது, தாலாட்டுக்கும் வராது. வீரிட்டு அழுதால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் மாடு மிரளும். என்னுடைய பழைய ஒஸ்ரின் காரில் வைத்து மெல்ல ஓடினால் மட்டும் கண் சொருகும். கார் நின்றால் அந்தக் கணமே எழும்பிவிடுவாள். இதைக் கண்டுபிடித்தவன் நான். பின்னேரங்களில் அவளை இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் உத்தியோகமாகிவிட்டது. உங்கள் மாமியைக் கேட்டால், கலியாணம் கட்டிய காலத்தில் இருந்து தன்னை ஒருநாளும் அப்படிக் கொண்டுபோனதில்லை என்று சொல்லுவா.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டோம். முன்னுக்கு நானும் மாமியும். மாமியின் மடியில் முறிகண்டியில் உடைக்கிற தேங்காய். பின்னுக்கு விமலா, பிள்ளை, பாய், தலையணை, உங்களுக்கென்று இடித்த மாவு. அந்தத் தலையணைகள் கண்ணாடியை மறைத்ததில் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சத் தூரம் அழுகை. முறிகண்டிக் கோயில் கண்ணுக்குத் தெரிகிற நேரம் பார்த்துப் பின்னால் சத்தம் அடங்கிவிட்டது.

“நிப்பாட்டுங்கோ, கோயில் வந்திட்டுது” என்றா மாமி.

“ஐயோ நிப்பாட்டாதேங்கோ அப்பா, இப்பத்தான் கண் மூடினவள்” என்றாள் விமலா.

யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ்ஸும் லொறியும் பொலிஸ் ஜீப்பும்கூட நின்று கும்பிட்டுவிட்டுத்தான் அந்தக் கோயிலைத் தாண்டும். நான் ஒற்றைக் கையால் தலையில் குட்டிக்கொண்டு, மற்றக் கையால் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு, ‘பிள்ளையாரே, பிள்ளை நித்திரை, குறை நினையாதே’ என்று மனதில் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். கச்சான் கடலை விற்கிற மனுசி எழும்பி நின்று பார்த்தா.

அதற்குப் பிறகு மாங்குளம் வரைக்கும் உங்கள் மாமி தேங்காயைத் தடவிக்கொண்டே வந்தா. மாங்குளம் கிட்டினதும் வாய் திறந்தா. “பிள்ளையின்ரை முதல் பயணம். முறிகண்டியானை மதியாமல் வந்த காரிலை நான் சம்பந்தி வீட்டுப் படலைக்கு இறங்கமாட்டன். திருப்புங்கோ.”

திருப்பலாம். ஆனால் ஒஸ்ரினுக்கு றிவேஸ் கியர் போட்டால் ஆலையில் இரும்பு அறுக்கிற சத்தம். அந்தத் தெரு ஒரே வெட்டில் திரும்புகிற அகலமில்லை. மாங்குளம் சந்தியில் வட்டமடிக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். சந்தி முழுக்க மரம் ஏற்றிய மாட்டு வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக. நிற்கவும் கூடாது, பின்னுக்கு எடுக்கவும் கூடாது, கோயிலுக்கும் திரும்பிப் போக வேண்டும். இடது பக்கம் முல்லைத்தீவுத் தெரு வெறுமையாக இருந்தது. காரை அதற்குள் விட்டேன். முல்லைத்தீவுக்குப் போய், பரந்தன் தெருவால் சுற்றி, எங்கள் வீட்டைத் தாண்டி மறுபடியும் முறிகண்டிக்கு வரலாம், றிவேஸ் தேவையில்லை. உலகத்தில் வேறு யாரும் ஒரு காரைத் திருப்ப மாவட்டத்தைச் சுற்றியிருக்க மாட்டார்கள் என்று விமலா சொன்னாள். எனக்கு அது பாராட்டு மாதிரித்தான் கேட்டது.

தம்பி, நீங்கள் குளத்து வேலை ஓவசியர். ஜீப்பில் தூசி பறக்கப் போய் வருகிறவர். ஆறுதலாகக் கார் ஓட்டுவதற்கென்றே இந்த வன்னியில் சில தெருக்கள் இருக்கின்றன, அதில் மாங்குளம் முல்லைத்தீவுத் தெருதான் முதலாவது. இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் மேலே கை கோத்து நிற்கும். பாலைப்பழம் உதிர்ந்து தெருவெல்லாம் மஞ்சள். காருக்குள்ளும் அந்த வாசம். குரங்குகள் பழம் தின்கிற அவசரத்தில் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் மணிக்கு இருபது மைலுக்கு மேலே ஓடவில்லை. நித்திரையாக இருக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று தெரிந்தும், வாய் சும்மா இருக்கவில்லை. “குஞ்சு, இது ஒட்டுசுட்டான். இஞ்சை தான்தோன்றீசுவரர் இருக்கிறார். அந்தா பார், மயில்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனேன். ஒட்டுசுட்டான் தாண்டி ஒரு வளைவில் யானை ஒன்று தெருவோரம் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. அதுதான் ஒதுங்கியது. உண்மையைச் சொன்னால், தம்பி, அந்தத் தெருவில் போகும்போது எனக்கு உங்களுடைய நினைவே இல்லை. அதற்காகவும் மன்னிக்க வேண்டும்.

முல்லைத்தீவில் பெற்றோல் முடிந்தது. ஓடுகிற காருக்குப் பெற்றோல் அடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நல்ல வேளையாகப் பெற்றோல் செட்டடியில் மண்ணெண்ணெய் வாங்க நின்றார் இன்னாசித்தம்பி. என்னுடைய பழைய கூட்டாளி, களப்பில் வலை போடுகிறவர். நான் காரணத்தை யன்னலுக்குள்ளால் சொன்னேன். அவர் நின்ற ஆட்களைக் கூப்பிட்டு, “டேய், வந்து காரை ஆட்டுங்கோடா, உள்ளுக்குப் பிள்ளை நித்திரை!” என்றார். ஆறேழு பேர் நாலு பக்கமும் பிடித்து, அலையில் தோணி ஆடுகிற மாதிரி ஒஸ்ரினை ஆட்டினார்கள். பெற்றோல் அடிக்கிறவர் குழாயைப் பிடித்தபடி காரோடு சேர்ந்து ஆடினார். மாமி தேங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டா. பிள்ளை ஒரு முனகல் இல்லை.

புறப்பட்ட பிறகும் இன்னாசித்தம்பி விடவில்லை. சைக்கிளில் பக்கத்திலேயே வந்தார்.

“வீட்டை வராமல் போறியளே, இது நல்லதோ? மனுசி புனிதம் என்னைப் பேசப்போறாள்.”

“நிக்கேலாது இன்னாசி, நிண்டால் எழும்பிடுவாள்!”

“அப்ப இதையெண்டாலும் பிடியுங்கோ” என்று ஓடுகிற காருக்குள் ஒரு ஓலைப் பறியை மாமியின் கையில் திணித்தார். “றால். இப்பத்தான் பிடிச்சது. பேத்தி வந்ததுக்கு நான் வேறை என்னத்தைக் குடுக்கிறது?”

வெள்ளிக்கிழமை; கோயிலுக்குப் போகிற கார்; மடியில் தேங்காய். வேண்டாம் என்று சொல்ல அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த மாமிக்கு மனம் வரவில்லை. ஆனால் காருக்குள் வைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே ஒரு கையில் தேங்காயும், யன்னலுக்கு வெளியே நீட்டிய மற்றக் கையில் றாலுமாக அவா முறிகண்டி வரைக்கும் வந்தா. எதிரே வந்தவர்கள் எல்லாம் யாரோ தெரிந்த ஆள் கை காட்டுகிறா என்று நினைத்துத் திருப்பிக் கை காட்டினார்கள். புதுக்குடியிருப்பில் ஒரு வாத்தியார் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டார்.

அந்தத் தெருவும் சும்மா சொல்லக்கூடாது. வட்டுவாகல் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் நந்திக்கடல், நாரைகள், வெயிலில் பளபளக்கிற தண்ணீர். “குஞ்சு, இது கடலில்லை, களப்பு” என்று நான் அதையும் சொன்னேன். விசுவமடுத் தாண்டியதும் சிறுபோக வயல்கள், மாலை வெயில், வீட்டுக்குத் திரும்புகிற மாடுகள். எங்கள் படலையைத் தாண்டும்போது அயலவர் பரமலிங்கம் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார்.

“என்னண்ணை, பூவரசங்குளம் போட்டு வந்திட்டியளோ?”

“இல்லையடாப்பா, இனித்தான் போறம்!”

முறிகண்டிக்கு வந்து சேரும்போது பொழுது படப் போகிற நேரம். காரை நிறுத்தினேன். அழுகை வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தேன். வரவில்லை. பிள்ளையாரின் கிருபை என்று நான் மேலே எழுதியது இதைத்தான். மாமி றாலைத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கொப்பில் கட்டிவிட்டு, கால் முகம் கழுவித் தேங்காய் உடைத்தா. சரிபாதியாக உடைந்தது. முகம் மலர்ந்து வந்து காரில் ஏறினா. நான் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், கச்சான் மனுசியின் தமையனும் வந்து சுற்றினார். ஒஸ்ரின் தன் கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு நெல் ஏற்றிப் போன லொறிக்காரர்தான் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டில் விட்டார். அவர் தெற்கே போகிறவராக இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கே உங்களிடம் வந்திருப்போம். றால் அவருக்குப் போனது.

இதுதான் நடந்தது. காரைப் பார்த்த மெக்கானிக், கொழும்பில் இருந்து சாமான் வரவேண்டும் என்கிறார். சனிக்கிழமை பயணம் கூடாது. இன்று அட்டமி, நாளை நவமி. செவ்வாயில் பெண்பிள்ளையை வழியனுப்புவதில்லை. புதன் ஆடி பிறக்கிறது. ஆகவே, நீங்கள் சம்மதித்தால், ஆவணி முதல் வெள்ளியில் நானே கூட்டிவந்து விடுகிறேன். உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவள் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தராசு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் வயது போனவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாயாருக்கும் தகப்பனாருக்கும் எங்கள் வணக்கம். உங்களுக்கும் உங்கள் குளங்களுக்கும் ஒரு குறையும் வராமல் எல்லாம் வல்ல சிவன் காப்பாராக.

இங்ஙனம்,
அன்பு மாமனார்,
வே. தில்லைநாதன்

பி.கு.: மேலே எழுதியதை ஒட்டப் பசை தேடிக் குசினிக்குப் போனேன். மாமி சேலை மாற்றிக்கொண்டு நின்றா. “எங்கை வெளிக்கிடுறாய்? அட்டமியெல்லே?” என்றேன். “தேப்பனிட்டைப் பிள்ளையைக் கொண்டுபோறதுக்கு என்ன அட்டமி? ரயில் வரப்போகுது, பெட்டியைத் தூக்குங்கோ” என்றா. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச இன்று என்னுடைய முறை, அதனால் நான் வரவில்லை. ரயில் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் பிள்ளை உங்கள் கையில் இருப்பாள்.

மேடையில் வைத்து விமலாவிடம், ரயில் நிற்கிற இடங்களில் பிள்ளை எழும்புவாளே, கவனம் என்றேன். அவள் சிரித்தாள். “அப்பா, அண்டைக்கு அவள் மாங்குளத்திலையே எழும்பீட்டாள். பிறகு முறிகண்டி வரும் மட்டும் கண் மூடேல்லை. இடையிலை பாலும் குடிச்சவள். நீங்கள் சொன்ன கதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தவள்” என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னால் நீங்கள் அதிலையே காரைத் திருப்பியிருப்பியள், சுத்தி வந்திருக்கமாட்டம்” என்றாள். அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே, தம்பி, பிள்ளை அழுதால் கார் தேட வேண்டாம். தூக்கிக்கொண்டு குளக்கட்டில் நடந்து, கண்ணில் படுகிறதை எல்லாம் அவளுக்குச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டு இருப்பாள். நாங்கள் இன்னும் போகாத கொக்கிளாய்த் தெருவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதேயுங்கள். அதை நான் காட்ட வேண்டும்.