லிட்டருக்கு இருபத்தொன்று

சகலை ஜெரியின் காரை மண்ணைக் கவ்வ வைக்காமல் இனி ஒரு வாய் பிரியாணி உள்ளே இறங்காது என்று நான் சபதம் எடுத்தபோது, என் தட்டில் மூன்றாவது முறையாகப் பிரியாணி விழுந்திருந்தது.

காலடிப்பேட்டையில் ஜெரி வீட்டில் விருந்து. அவன் மகளுக்குப் புது நன்மை, சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய நாள். வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாகக் குழந்தை உள்ளே நிற்கிறது. அதை வாழ்த்த வந்த கூட்டமோ வாசலில் ஜெரியின் புதுக் காரைத் தடவிக்கொண்டு நிற்கிறது. ஒன்று புள்ளி இரண்டு லிட்டர் டர்போ. கலர், பழுத்த மிளகாய்.

ஜெரி என் மனைவி ஜானட்டின் தங்கை மலரைக் கட்டியவன். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. ஊருக்கெல்லாம் பச்சை காட்டுவான், எனக்கு மட்டும் சிவப்பு.

நானும் டர்போகாரன்தான். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஆபரேட்டர் நான். நாற்பது டன்னைப் பூப்போலக் கீழே வைக்கிற இந்த அருள்பிரகாசத்தைப் பார்த்து ஜெரி, அத்தனை பேர் முன்னால் கேட்டான்:

"சகல, ஒங்க வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

"பதினேழு" என்றேன்.

"பதிமூணு" என்றாள் ஜானட், தயிர்ப் பச்சடி பரிமாறிக்கொண்டே.

"நம்மளுது இருபது சகல. நூறு ஸ்பீடு புடிக்க பத்தே செகண்டு. ஒங்களுது?"

"பன்னெண்டு" என்றாள் ஜானட். என்னை யாரும் கேட்கவே இல்லை.

வேகத்திலும் அடி. சிக்கனத்திலும் அடி. வயிறு எரிந்தது. பெட்ரோலே இல்லாமல் எரிகிற ஒரே எஞ்சின் அதுதான்.

ராயபுரம் திரும்பும் வழியெல்லாம் ஜானட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றினாள்.

"ஜெரி இன்னா ஸோக்கா ஓட்டுறாரு! குலுங்கவே இல்ல."

"ரோடு ஸோக்கா கீது."

"அதே ரோட்லதான நாமளும் போயிகினு கீறோம்?"

பேச்சை மாற்ற ரேடியோவைப் போட்டேன். அவள் அணைத்தாள். "கேட்டுகினே கீறேன், பதில் சொல்ல மாட்ற. நாளைலேர்ந்து வண்டிய எனக்கு குடேன். துறைமுகத்துல நாள் பூரா வெயில்ல சும்மாதானே நிக்குது?"

ஜானட் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் நசுங்கி வருகிறாள். ஆனால் சாவியை நான் கொடுத்ததில்லை.

"டர்போ வண்டி ஜானட். லேசா மிதிச்சா சீறும். ஒன்னால ஆவாது."

"மிதிச்சதும் சீறாது. கொஞ்சம் கழிச்சிதான் சீறும். ஒனக்கு விஷயம் புரியற மாதிரி."

அந்த ராத்திரியே திட்டம் பிறந்தது. ஜெரிக்குப் போன் போட்டேன். வர்ற ஞாயிறு பூசை முடிந்ததும் போட்டி. திருவொற்றியூர் பங்கில் இரண்டு வண்டிக்கும் டேங்க் ததும்பப் பெட்ரோல். எண்ணூர் வழியாக அத்திப்பட்டு போய்த் திரும்பி, அதே பங்கில் மறுபடி நிரப்ப வேண்டும். போக வர நாற்பது கிலோமீட்டர். எது குறைவாகக் குடித்ததோ அது ஜெயித்தது.

"ஆனா ஜெரி, நேர்மை முக்கியம். ஒன் வண்டிய நான் ஓட்றேன், என் வண்டிய நீ ஓட்டு. என் வூட்டம்மா ஒன்கூட, ஒன் வூட்டம்மா என்கூட. சாட்சிக்கு."

நேர்மையாவது ஒன்றாவது! அவன் வண்டியை மிதி மிதியென்று மிதித்துப் பெட்ரோலைக் குடிக்க விடுவது என் திட்டம். அவனும் என் வண்டியில் அதையே செய்வானே? அதற்கும் வழி வைத்திருந்தேன்.

"ஜானட், ஜெரி நாப்பதுக்கு மேல போனா, வயித்த பொரட்டுதுன்னு சொல்லிடு."

"பொய் சொல்ல சொல்றியா?"

"சும்மா வாயப் பொத்திகினு ஒரு குரல் குடு. போதும்."

"அவ்ளோதானே? பண்ணிட்டா போச்சு."

என் பேச்சை இவ்வளவு சீக்கிரம் அவள் கேட்டதே கிடையாது. நான் உஷாராகியிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்கில் பெட்ரோல் போட்டது கெங்கம்மா. சீருடைத் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடுவர் போல நின்றார். "நாலு பேரும் பங்காளிங்களா? பேஜாரு பண்ணாம போயிட்டு வாங்க."

ஜெரியின் மிளகாயில் ஏறினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. சீட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. குறை கண்டுபிடிக்க ஒரு கிலோமீட்டர் தேடினேன். கடைசியில் சீட்டுக்கு அடியில் ஒரு மிக்சர் பாக்கெட் கிடைத்தது. அதுவும் மலருடையது. வாங்கிப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கண்ணாடியில் பின்னால் என் வண்டி வந்தது. உள்ளே ஜானட் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, கையைத் தட்டி. என்னோடு வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைப் பலகைகளைப் படிப்பாள்.

"ஒங்கக்கா எதுக்கு அப்டி சிரிக்குது?"

"ஜெரி ஜோக்கு சொல்லிருப்பாரு மாமா. அவருகூட போனா நேரமே தெரியாது." மிக்சர் நொறுங்கியது. "இந்த ரோட்ல அவரு நூறு போவாரு. ஒங்களுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? மெதுவாவே போங்க."

மிதித்தேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வண்டி சீறியது. கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. எனக்கு உள்ளுக்குள் டர்ர் என்றது. மலர் "போ மாமா, போ!" என்றாள். டர்ர்... போ. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

எர்ணாவூர் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் வண்டி ஓரம் கட்டி நின்றது. ஜானட் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஆகா! நடிப்பென்றால் நடிப்பு! தங்கமான பெண்டாட்டி. ஆனந்தத்தில் இன்னும் மிதித்தேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி வரை மிதித்தேன். அங்கே திருப்பியும் மிதித்தேன்.

திரும்பும் வழியில் எண்ணூர் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், எதிரே என் வண்டி வந்தது. ஒரு லாரிக்குப் பின்னால் தொட்டில் ஆட்டுகிற வேகத்தில். ஸ்டியரிங்கில் ஜானட். பக்கத்து சீட்டில் ஜெரி, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிரேக்கை அழுத்தியதில் மீதி மிக்சர் என் மடியில் கொட்டியது.

முக்கால் மணி நேரம் பங்கில் காத்துக் கிடந்த பிறகு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"நீ எப்டி ஓட்டலாம்?"

"நாப்பது தாண்டுனாரு. நீ சொன்னாப்லயே வயித்த பொரட்டுச்சு" என்றாள் ஜானட். "பக்கத்துல குந்திகினு வந்தாதான் பொரட்டும், ஓட்டுனா பொரட்டாதுன்னேன். பாவம் ஜெரி, சாவிய குடுத்துட்டாரு."

கெங்கம்மா முதலில் மிளகாயை நிரப்பினார். நாலு லிட்டர் குடித்தது. லிட்டருக்குப் பத்து! ஜெரியின் முகம் அவன் சிக்னல் மாதிரி சிவந்தது. அடுத்து என் வண்டி. குழாய் டக்கென்று நின்றுவிட்டது. ஒன்று புள்ளி ஒன்பது.

"இருபத்தொண்ணு!" என்று கணக்குப் போட்டுச் சொன்னார் கெங்கம்மா.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபத்தொன்று! ஜெரியின் இருபதை விட ஒன்று கூட!

"செல்லாது சகல" என்றான் ஜெரி. "நான்தானே ஓட்டணும்? அக்கா ஓட்டுனது கணக்குல வராது. போட்டியே கேன்சல்."

கேன்சலானால் என்ன மிஞ்சும்? அவனுக்கு இருபது, எனக்குப் பதிமூன்று. அது தெரிந்ததும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"ஏன் வராது?" என்று கத்தினேன். பெட்ரோல் போட வந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "ரூலு எழுதுனது நானு. செல்லும்னு நான் சொல்றேன்! என் பொண்டாட்டி மாதிரி டர்போ வண்டி ஓட்ட இந்த ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் ஒருத்தன் கீறானா? அந்த வண்டி அவ கைக்குன்னே செஞ்சது!"

ஜானட் என்னையே பார்த்தாள். அவள் கழுத்தில் பள்ளிக்கூட விசில் தொங்கவில்லை, ஆனாலும் எனக்கு விசில் சத்தம் கேட்டது.

"கெங்கம்மா, கேட்டுகினீங்களா?" என்றாள்.

"நல்லா கேட்டேம்மா. இந்த பங்கே கேட்டுச்சு."

"ஜெரி?"

"கேட்டேன்கா." படுபாவி, இப்போது சிரித்தான்.

"மலரு?"

"நான் ரெக்கார்டே பண்ணிட்டேன்கா" என்று மலர் போனைக் காட்டினாள். என்னை அத்திப்பட்டு வரை "போ மாமா போ" என்று விரட்டியதற்கு அர்த்தம் அப்போதுதான் மெல்ல எனக்குள் சீறியது.

திங்கட்கிழமை காலை. கையில் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றேன். ஜானட் கண்ணாடியைச் சரிசெய்து, சீட்டை முன்னால் இழுத்து, என் வண்டியை ஸ்டார்ட் செய்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஜானட், துறைமுகம் கேட்டு வரைக்கும் என்ன எறக்கி உட்டுட்டு போயேன்."

என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள்.

"எம்பத்தாறு கிலோவ ஏத்துனா மைலேஜ் அடிவாங்கும். ஷேர் ஆட்டோல போ."